சயாம் ரயில் பாதையும் பள்ளிக்கூடத் திரையும்

அரும்பொருளகம் என்ற சொல்லைக் கேட்டதும் பள்ளி மாணவர் மனத்தில் எழுவது ஒரு நாள் உல்லாசப் பயணமே. காலையில் பஸ் ஏறி, பொட்டலம் கட்டிய நாசி லெமாக்குடன் புறப்பட்டு, கண்ணாடிப் பெட்டிகளை ஓட்டமும் நடையுமாகப் பார்த்துவிட்டுப் பிற்பகலில் திரும்பும் அப்பயணத்தில், மாணவர் நினைவில் தங்குவது பெரும்பாலும் பஸ்ஸில் பாடிய பாட்டுத்தான். தோட்டப்புறப் பள்ளிகளுக்கோ அந்த ஒரு நாள் பயணமும் எளிதில் வாய்ப்பதில்லை. பஸ் வாடகை, பெற்றோர் அனுமதி, பாட நேர இழப்பு என்று தடைகள் பல. கடல் கடந்த அரும்பொருளகங்கள் கனவிலும் எட்டாதவை.

அண்மைக் காலத்தில் இந்நிலை மாறி வருகிறது. மாணவர் அரும்பொருளகத்துக்குப் போவதற்கு மாறாக, அரும்பொருளகம் மாணவரிடத்துக்கு வருகிறது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 2000-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட இரண்டாம் உலகப் போர் அரும்பொருளகம், தொலைவிலுள்ள வகுப்பறைகளோடு காணொளி வழியாகப் பாடம் நடத்துவதில் பல ஆண்டு அனுபவம் உடையது. 1917-இல் நிறுவப்பெற்ற லண்டன் இம்பீரியல் போர் அரும்பொருளகமும், 1941-இல் திறக்கப்பெற்ற கான்பராவின் ஆஸ்திரேலியப் போர் நினைவகமும் தம் களஞ்சியத்திலுள்ள ஓவியங்களையும் புகைப்படங்களையும் பெருமளவில் இணையத்தில் ஏற்றி வைத்துள்ளன. 2020-ஆம் ஆண்டு கோவிட் தொற்று உலகெங்கும் கதவுகளை அடைத்தபோது, அதுவரை தயங்கி நின்ற சிறிய அரும்பொருளகங்களும் இவ்வழியில் இறங்கின.

இம்முறைகள் எல்லாம் ஒன்றல்ல. முதலாவது, நேரலைப் பாடம். அரும்பொருளகத்தின் கல்வி அலுவலர் ஒருவர் ஒரு பொருளைக் காமிராவின் முன் வைத்து, முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரம் மாணவரோடு உரையாடுவார். ஆசிரியருக்கு முன்கூட்டியே படங்களும் வினாக்களும் வந்து சேர்ந்துவிடும். மற்றொன்று, இணையக் களஞ்சியத்தை ஆசிரியரே திறந்து பாடம் அமைத்துக்கொள்வது. இதற்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் உழைப்பு அதிகம். திரையே வேண்டாத முறையும் உண்டு. ஆஸ்திரேலியப் போர் நினைவகம் அந்நாட்டுப் பள்ளிகளுக்கு 'நினைவுப் பெட்டி' என்ற பெயரில் பெட்டிகளை இரவல் அனுப்புகிறது. உண்மைப் பொருள்கள் சில, அவற்றின் நகல்கள் சில, படங்கள் எனப் பெட்டிக்குள் இருப்பதை மாணவர் கையில் எடுத்துத் தடவிப் பார்க்கலாம். கண்ணாடிக்குள் பூட்டிய அசலைக் காட்டிலும் கையில் கிடைத்த நகல் சில வேளைகளில் நல்லாசிரியனாகிறது.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழாசிரியருக்கு இவையெல்லாம் எதற்குப் பயன்படும் என்று கேட்டால், விடை சயாம் மரண ரயிலில் இருக்கிறது. இம்மண்ணின் தமிழரைப் போர் நேராகத் தீண்டிய இடம் அது. அதன் சான்றுகளோ லண்டன், கான்பரா, காஞ்சனபுரி, சிங்கை என்று நாலா திசையிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒரே பள்ளி எல்லா இடங்களுக்கும் மாணவரை அழைத்துச் செல்ல இயலாது. ஒரே திரையில் எல்லாவற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க இயலும்.

செய்தியைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். 1942-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15-ஆம் நாள் புக்கிட் தீமாவிலுள்ள போர்டு மோட்டார் தொழிற்சாலையில் ஆங்கிலத் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைந்தார். பர்மாப் போர்முனைக்குக் கடல் வழியே பொருள் அனுப்புவது ஆபத்தாகவே, சயாமிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் தூரம் காட்டையும் மலையையும் குடைந்து ரயில் பாதை அமைக்க ஜப்பானியப் படை முனைந்தது. இரு முனைகளிலிருந்தும் தொடங்கிய பாதை 1943 அக்டோபர் 17-ஆம் நாள் கொன்கொய்தா என்னுமிடத்தில் இணைந்தது. 60,000-க்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் அதில் உழைத்தனர். 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களோடு உழைத்த ஆசியத் தொழிலாளர் இரண்டு லட்சம் அளவினர் என்றும், அவருள் 90,000 பேர் வரை மாண்டனர் என்றும் பல கணக்குகள் கூறுகின்றன. மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேற்பட்டோர் சென்றனர். அவருள் மிகப் பலர் ரப்பர் தோட்டத் தமிழர்.

இனித் திரைக்கு வருவோம். சாங்கி சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள் 1942-இல் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகள் உலகப் புகழ் பெற்றவை. ஒவ்வொரு போர்வையிலும் 66 சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்தையும் ஒரு பெண் தன் கையால் பூவேலை செய்து தைத்தாள். வேறு முகாமில் அடைபட்டிருந்த கணவன்மார்க்குத் தாம் உயிரோடு இருக்கும் செய்தியைக் குறிப்பாகத் தெரிவிப்பதும் அத்தையலின் உட்கருத்து. அவற்றுள் இரண்டு கான்பராவில் உள்ளன. நேரில் போனால் துணி கெடாதபடி மங்கலான விளக்கொளியில், கண்ணாடிக்கு இப்பால் நின்றே பார்க்க வேண்டும். திரையிலோ ஒரு சதுரத்தைப் பெரிதாக்கி நூலோட்டத்தைக்கூட எண்ணலாம். "இவள் ஏன் பூவைத் தைத்தாள்? அடுத்தவள் ஏன் தன் வீட்டைத் தைத்தாள்?" என்று ஓர் ஆசிரியர் கேட்டுவிட்டுப் பேசாதிருந்தால் போதும். வகுப்பு தானே பேசத் தொடங்கும்.

ஓவியங்களும் அப்படியே. பிற்காலத்தில் கேலிச்சித்திரக்காரராகப் புகழ் பெற்ற ரொனால்ட் சேர்ள், சாங்கியிலும் ரயில் பாதையிலும் கைதியாக இருந்தபோது மறைவாக வரைந்த படங்கள் இம்பீரியல் போர் அரும்பொருளகத்தில் உள்ளன. பிடிபட்டால் தண்டனை உறுதி. ஆகவே காவலர் நெருங்க அஞ்சிய காலராநோயாளிகளின் படுக்கைக்கு அடியில் அவற்றை ஒளித்து வைத்தார். காலரா என்ற சொல்லை இன்றைய மாணவர் பாடநூலில் மட்டுமே கண்டிருப்பர். ஓவியம் தப்பியதே அந்நோயின் பேரால்தான் என்று அறியும்போது, 1943-ஆம் ஆண்டு மழைக்காலத்து முகாம் எப்படியிருந்தது என்பது ஓரளவு விளங்கும்.

சிங்கையில் 2021-இல் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பெற்ற சாங்கி தேவாலய அரும்பொருளகத்தில், தீப்பெட்டிக்குள் மறைத்து வைத்த மோர்ஸ் தந்திக் கருவியும், நாட்குறிப்பும், காமிராவும் காட்சிக்கு வைக்கப்பட்டன. சயாமுக்கு அனுப்பப்பட்ட கைதிகளுள் பல பிரிவினர் இந்தச் சாங்கியிலிருந்தே புறப்பட்டனர். 1943 ஏப்ரலில் சென்ற 'எப்' படைப்பிரிவின் 7,000 பேரில் ஏறத்தாழ 3,000 பேர் திரும்பவில்லை.

இவ்வளவையும் திரையில் கண்ட பிறகு கூரிய மாணவன் ஒருவன் எழுந்து ஒரு கேள்வி கேட்கக்கூடும். "ஐயா, தமிழர்கள் எங்கே?"

கேள்வி நியாயமானது. போர்வை ஆங்கில, ஆஸ்திரேலியப் பெண்களுடையது, ஓவியம் ஆங்கிலப் படைவீரருடையது, நாட்குறிப்பும் வெள்ளையருடையதே. எண்ணிக்கையில் மிகுந்தவர், காட்சிப் பெட்டியில் குறைந்தவராக இருக்கின்றனர். இதற்குக் காரணம் அரும்பொருளகத்தாரின் வஞ்சகம் என்று சொல்லிவிடுவது எளிது. அது முழு உண்மையன்று. கைதிகளிடம் படையமைப்பு இருந்தது, அதிகாரிகள் இருந்தனர், பெயர்ப் பட்டியல் இருந்தது. செத்தவன் பெயர், படை எண், புதைத்த இடம் ஆகியவற்றை ஒருவர் எழுதி ஒளித்து வைத்தார். போர் முடிந்ததும் 1945-இல் கல்லறை தேடும் குழுவொன்று அக்குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு பாதை நெடுகச் சென்று, 10,000-க்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டறிந்தது. அதனால்தான் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 6,900 பேருக்கு இடம் கிடைத்தது. அவருள் மிகப் பலருக்குப் பெயர் பொறித்த கல்லும் கிடைத்தது.

தோட்டத்திலிருந்து போனவரிடம் இவற்றில் எதுவும் இல்லை. மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லிச் சிலரை அழைத்தனர். லாரியை நிறுத்திப் பிடித்தேற்றியது சிலரை. மனைவி மக்களோடு போனவரும் உண்டு. எழுத்தறிந்தவர் சிலரே, எழுதக் காகிதம் கிடைத்தவர் அதனினும் சிலர். மருத்துவரில்லாத முகாம்களில் காலரா புகுந்தபோது கூட்டங்கூட்டமாகப் புதைத்தனர், எரித்தனர். பட்டியல் வைக்க ஆளில்லை. அவர்களைப் பற்றிக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகளில் முக்கியமான ஒரு பகுதியும் பிறர் எழுதியதே. 1943-இல் ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்ட 'கே', 'எல்' என்னும் கைதி மருத்துவக் குழுவினர், தாம் கண்டவற்றை எழுதி வைத்தனர். தமிழர் பட்ட பாட்டை ஆங்கில மருத்துவனின் கண் வழியாகத்தான் காண முடிகிறது என்பது வருந்தத்தக்கது. எனினும் அதுவும் இல்லாதிருந்தால் இன்னும் இருட்டு.

தமிழ் வகுப்பில் இந்த வெறுமையையே பாடமாக்கலாம். எந்தப் பொருள் அரும்பொருளகத்துக்கு வந்து சேர்கிறது, எது சேர்வதில்லை, ஏன்? காகிதமும் கல்லும் யாருக்குக் கிடைத்தன? இக்கேள்விகளை ஒரு வாரம் முன்னதாகவே மாணவர் எழுதி, நேரலைப் பாடம் நடத்தும் கல்வி அலுவலருக்கு அனுப்பி வைக்கலாம். "உங்கள் களஞ்சியத்தில் மலாயாத் தமிழ்த் தொழிலாளர் இடம்பெறும் படமோ, குறிப்போ உண்டா?" என்ற ஒரு வரிக் கேள்வி போதும். அலுவலர் தேடுவார். பெட்டியில் வைக்கப்படாமல் கிடங்கில் கிடக்கும் படமொன்று அதனால் வெளிவரவும் கூடும். கிடைக்கவில்லை என்றாலும் அதை அவர் வாயால் மாணவர் கேட்பது பயனுடையதே.

வெறுமையை நிரப்பும் பொருள் முற்றிலும் இல்லாமலும் போகவில்லை. சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979-இல் தொடங்கப்பெற்றது. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் ஜப்பானிய ஆட்சிக் காலத்தை நினைவுகூரும் பேட்டிகள் பல கேட்கக் கிடைக்கின்றன. தமிழில் பேசியவர்களும் அவற்றில் உண்டு. தமிழ்க் குரல் ஒன்று ஒலிபெருக்கியில் "சப்பான்காரன் காலத்திலே" என்று தொடங்கும்போது வகுப்பில் உண்டாகும் அமைதியை எந்த ஆங்கில விளக்கமும் தராது. எழுத்திலும், ஆர். சண்முகம் 1993-இல் வெளியிட்ட 'சயாம் மரண ரயில்' நாவலும் அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவலும் இருக்கின்றன. நாவல் சான்றாவணம் ஆகாது. ஆயினும் எந்தச் சான்றைத் தேடவேண்டும் என்று அது காட்டிக் கொடுக்கும். காஞ்சனபுரியின் தாவொன் வராராம் புத்த விகாரையில் பெயரறியாத தொழிலாளர் நினைவாகச் சமாதி ஒன்று நெடுங்காலமாக இருந்து வருகிறது. 2023-இல் அங்கே தமிழர்க்கு நடுகல்லும் நாட்டப்பட்டது. போரில் பட்ட வீரனுக்குப் பெயரும் பீடும் எழுதிக் கல் நட்ட மரபைச் சங்க இலக்கியத்தில் படித்த மாணவர்க்கு, பெயர் பொறிக்க இயலாத நடுகல்லின் பொருள் தனியே விளக்க வேண்டுவதில்லை.

திரைப்படத்தைப் பற்றியும் ஒரு சொல். 1957-இல் வெளிவந்த 'குவாய் ஆற்றுப் பாலம்' என்ற ஆங்கிலப் படம் இவ்வரலாற்றை உலகறியச் செய்தது. கூடவே உலகின் மனத்தில் அதைக் கோணலாகவும் பதித்தது. கதை ஆங்கில அதிகாரியைச் சுற்றியே ஓடுகிறது. காட்டில் மடிந்த ஆசியத் தொழிலாளி அதில் இல்லை. படம் பிடிக்கப்பட்டதும் சயாமில் அன்று, இலங்கையில். படம் பார்த்த சுற்றுலாப் பயணிகள் 'குவாய்' எங்கே என்று தேடி வரவே, பாலம் நிற்கும் மேகுலோங் ஆற்றின் பகுதிக்கு 1960-களில் சயாமியர் 'குவே யாய்' என்று பெயரிட்டனர். கதை ஆற்றின் பெயரையே மாற்றிவிட்ட வேடிக்கை இது. மாணவர் இணையத்தில் காண்பதில் பாதி இப்படத்தின் வழிவந்தது. ஆகவே அதைத் தவிர்ப்பதினும், ஐந்து நிமிடம் காட்டிப் பிழை காணச் செய்வது மேல்.

பெயர் மாற்றம் என்றதும் 2017-ஆம் ஆண்டுச் சம்பவம் நினைவுக்கு வருகிறது. பழைய போர்டு தொழிற்சாலையின் காட்சிக்கூடத்துக்கு அவ்வாண்டு பிப்ரவரியில் 'சியோனான்' என்ற சொல்லைச் சேர்த்துப் பெயர் வைத்தனர். ஆக்கிரமித்தவன் சிங்கைக்கு இட்ட பெயரைப் பலகையில் ஏற்றுவதா என்று மக்கள் கொதித்தெழவே, சில நாட்களுக்குள் பெயர் மாற்றப்பட்டது. எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் ஒரு சொல்லுக்கு அவ்வளவு சூடு இருந்தது. அரும்பொருளகப் பாடம் அநேகமாக ஆங்கிலத்தில் நடப்பதால், தமிழாசிரியர் சொற்பட்டியல் ஒன்றைத் தயாரித்துக் கொடுப்பது இன்றியமையாதது. அதில் அகராதிச் சொற்களோடு பாட்டன் பாட்டிமார் வழங்கிய சொற்களும் வேண்டும். வாழைமர நோட்டு, மரவள்ளிக் கிழங்கு, கங்காணி, கித்தாக்காடு, 'சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனது' ஆகியவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்லவும் மாணவர் பழக வேண்டும்; ஏனெனில் அக்கல்வி அலுவலர்க்கு அவை தெரியமாட்டா.

ஹிரோஷிமாவைச் சேர்க்கலாமா என்பது கடினமான கேள்வி. 1955-இல் திறக்கப்பெற்ற ஹிரோஷிமா அமைதி நினைவு அரும்பொருளகம், அணுகுண்டுக்குத் தப்பியவர் காணொளி வழியே தம் அனுபவத்தைச் சொல்ல ஏற்பாடு செய்து வந்துள்ளது. அவர்கள் மூப்பெய்தி மறைந்து வருவதால், அவர்தம் கதையைக் கற்றுத் தாமே எடுத்துச் சொல்லும் வாரிசுகளை 2012 முதல் அந்நகரம் பயிற்றுவிக்கிறது. அங்குள்ள மூன்று சக்கர சைக்கிள் ஒன்றைக் காணும் பிள்ளைகள் கலங்காமல் இரார். நான்கு வயது நிரம்பாத மகனோடு தந்தை அதைத் தோட்டத்தில் புதைத்தார். 1985-இல் தோண்டி எடுத்து அரும்பொருளகத்துக்கு அளித்தார். பாட்டனாரைச் சயாமில் பறிகொடுத்த குடும்பத்துப் பிள்ளை, "அவர்கள் செய்ததற்கு அவர்களுக்கு வந்தது" என்று சொல்லவும் கூடும். அந்தப் பேச்சை ஆசிரியர் அதட்டி அடக்கக் கூடாது. நான்கு வயதுக் குழந்தை யாருக்கு என்ன செய்தது என்று கேட்கலாம். 1945 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஹிரோஷிமாவில் மலாயாவிலிருந்து ஜப்பானிய அரசு படிக்க அழைத்துப் போன மலாய் மாணவரும் இருந்தனர் என்பதைச் சொல்லலாம். நிக் யூசோப், சையது ஓமார் இருவரும் குண்டின் விளைவால் மாண்டனர். அப்துல் ரசாக் உயிர் தப்பித் தாயகம் திரும்பி ஆசிரியரானார். குண்டு குடியுரிமை பார்த்து விழவில்லை.

தவிர்க்க வேண்டியவை சில உண்டு. பட்டினியால் எலும்புக்கூடான உடல்களின் படங்களைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுதல் கூடாது. "நீ சயாம் தொழிலாளியாக நடி" என்று மேடையேற்றுவதும் தகாது. பிறர் துயரம் வேடிக்கையாகிப் போகும். அதற்கு மாறாக அளந்து காட்டலாம். கைதிகளை ஏற்றிச் சென்ற இரும்புச் சரக்குப் பெட்டி ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் உடையது. முப்பது பேர் அளவில் அதில் அடைபட்டு நான்கைந்து நாள் சென்றனர். வகுப்பறைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் அக்கோட்டை வரைந்து, ஓர் ஆளுக்கு எத்தனை சதுர அடி என்று மாணவரைக் கணக்கிடச் சொல்லலாம். கணக்கு வாத்தியாரும் மகிழ்வார்.

எண்ணிக்கையிலும் எச்சரிக்கை வேண்டும். மாண்ட தமிழர் தொகையாக மேடைப் பேச்சுகளில் ஒன்றுக்கொன்று ஒவ்வாத எண்கள் உலவுகின்றன. பட்டியலில்லாத இடத்தில் எந்த எண்ணும் மதிப்பீடே. பெரிய எண்ணைச் சொன்னால்தான் துயரம் பெரிதாகும் என்பதில்லை. ஆதாரமற்ற எண், மறுப்பவனுக்கு ஆயுதமாகும். "பல்லாயிரவர், சரியான தொகையை யாரும் எழுதி வைக்கவில்லை" என்ற உண்மையே போதிய கொடுமையுடையது.

கடைசியாகச் சில நடைமுறைகள். கான்பரா மலேசிய, சிங்கை நேரத்துக்கு இரண்டு மணி முந்தியது. அங்குக் கோடையில் மூன்று மணி. ஆதலால் காலை வகுப்பு நேரத்திலேயே அங்குள்ளவரோடு பேசலாம். ஹிரோஷிமாவுக்கும் இங்குக்கும் ஒரு மணி நேரமே வேற்றுமை. லண்டனில் காலை பத்து மணி என்றால் இங்கு மாலை ஐந்தோ ஆறோ ஆகிவிடும். மாலை வகுப்புக்கே அது பொருந்தும். நியூ ஆர்லியன்ஸ் பகல் இங்கு நள்ளிரவாதலால், அங்கிருந்து பதிவு செய்த பாடங்களை வாங்கிக்கொள்வதே வழி. நாற்பது பேர் ஒரே ஒலிவாங்கிக்கு முண்டியடிப்பதைத் தவிர்க்க, கேட்பவர் ஐவரை முன்பே தேர்ந்து வைத்துக்கொள்ளுதல் நலம். இணையம் அறுபட்டால் பாடம் நின்றுபோகாதிருக்க, அன்று பேசவிருக்கும் மூன்று பொருள்களின் படங்களை அச்சிட்டு மேசைமீது வைத்திருக்க வேண்டும். நேரலை முடிந்த மறுநாள், வீட்டிலோ அண்டை வீட்டிலோ அக்காலக் கதை கேட்டறிந்த முதியவர் எவரேனும் இருந்தால், அவர் பேச்சைக் கைப்பேசியில் பத்து நிமிடம் பதிவு செய்து வருமாறு மாணவரிடம் சொல்லலாம். பேசியவர் பெயர், பிறந்த ஆண்டு, தோட்டத்தின் பெயர், பதிவு செய்த நாள் ஆகிய நான்கையும் அவர் இசைவு பெற்றுத் தனித்தாளில் எழுதி, பதிவோடு பள்ளி நூலகத்தில் வைக்கவேண்டும்.